காபிப் பொடி கிலோ 1,100: வீட்டில் நல்ல காபி இனி கட்டுப்படியாகுமா?

கேள்வி, 9 பிப்ரவரி 2025

எங்கள் ஊர்க் கடையில் பீபெரி (உருண்டைக் காபிக்கொட்டை) பொடி கிலோ 1,100 ரூபாய். சில வருஷம் முன்னால் இதே கடையில் 550-க்கு வாங்கியிருக்கிறேன். வீட்டில் நானும் மனைவியும் மட்டும், காலையில் ஒரு வேளை, மூன்று மணிக்கு ஒரு வேளை. சிக்கரியை 40 சதவீதம் ஆக்கிக்கொள்ளுங்கள், செலவு குறையும் என்கிறார் கடைக்காரர். இன்ஸ்டன்டுக்கு மாறிவிடலாம் என்கிறாள் மகள். நல்ல காபி இனி வசதியானவர்களுக்கு மட்டும்தானா?

10 பிப்ரவரி 2025

பதில்: இல்லை. கிலோ விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், டம்ளர் விலையைப் பாருங்கள்.

சிக்கரி இல்லாத பொடியில் ஒரு டம்ளர் திடமான காபிக்கு 10 கிராம் போகும். 1,100 ரூபாய்ப் பொடியில் அது 11 ரூபாய். பால் 100 மில்லி, ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 60 என்று வைத்தால் 6 ரூபாய். சர்க்கரை நாற்பது காசு. கேஸைச் சேர்த்தாலும் 18 ரூபாய்தான். எங்கள் பக்கத்து ஓட்டலில் இதே அளவு காபி 40 ரூபாய், அதில் பாதி நாள் காலையில் இறக்கிய டிகாஷனைத் திரும்பத் திரும்பச் சுட வைத்ததுதான் வருகிறது.

உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு நான்கு டம்ளர், 40 கிராம். மாதம் 1,200 கிராம், 1,320 ரூபாய். பழைய விலையில் 660. ஆகக் கூடியிருப்பது மாதம் 660 ரூபாய். அது சின்னத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன். ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு வாரக் காய்கறி. ஆனால் அந்த 660-ஐ மிச்சப்படுத்த சிக்கரியைக் கொட்டுவதோ இன்ஸ்டன்டுக்குப் போவதோ சரியான வழியில்லை. வேறு வழிகள் இருக்கின்றன, எழுதுகிறேன்.

10 பிப்ரவரி 2025, இரவு

10 கிராமா, நாங்கள் ஆறில் முடிக்கிறோமே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். உங்கள் பொடியில் சிக்கரி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். வறுத்த சிக்கரியில் தண்ணீரில் கரையும் பொருள் காபியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் கொஞ்சம் போட்டாலே டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும். அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் ஆறு கிராம் போதும் என்று தோன்றுகிறது. அதில் காபி மூன்றரை, நான்கு கிராம்தான் இருக்கும்.

13 பிப்ரவரி 2025

கடைக்காரர்கள் கூட்டு சேர்ந்து ஏற்றிவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நியூயார்க் சந்தையில் அராபிகா (காபியில் மணம் கூடிய வகை, பீபெரியும் அதுதான்) இந்த வாரம் ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி நிற்கிறது. கிலோவுக்கு 8.80 டாலர், நம் காசில் 765 ரூபாய் போல. இது பச்சைக்கொட்டை விலை. வறுக்கும்போது ஈரம் போய் எடை ஆறில் ஒரு பங்கு குறையும். வறுத்த கொட்டை என்று பார்த்தால் 920 ரூபாய் ஆகிவிட்டது. அதற்கு மேல் போக்குவரத்து, கடை வாடகை, மின்சாரம், ஆள்கூலி, 5 சதவீதம் ஜிஎஸ்டி. 1,100-க்கு விற்பவர் கொள்ளையடிக்கவில்லை. பழைய விலையில் வாங்கிய சரக்கு கொஞ்சம் கையில் இருப்பதால் சமாளிக்கிறார்.

1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் விழுந்த உறைபனி காபித் தோட்டங்களைக் கருக்கியது. அதன் விளைவாக 1977-இல் ஏறிய விலை அப்புறம் நாற்பத்தேழு வருஷம் உடையாத உச்சமாக இருந்தது. போன டிசம்பரில் அதுவும் உடைந்தது. இந்தத் தடவை பிரேசிலில் வறட்சி. அதற்கு முன்பே வியட்நாமில் வறட்சி வந்து, கசப்பும் கனமும் கூடிய இன்னொரு வகையான ரொபஸ்டாவும் ஏறியிருந்தது. குடகிலும் சிக்மகளூரிலும் விளைவதற்கு நாம் ஏன் உலக விலை கொடுக்க வேண்டும் என்றால், இந்தியாவில் விளையும் காபியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டுக்குப் போகிறது. இத்தாலிக்காரர் கொடுக்கும் விலையை நாம் கொடுக்காவிட்டால் தோட்டக்காரர் நமக்கு ஏன் தருவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2001-இல் இதே அராபிகா ஒரு பவுண்டு 50 சென்டுக்குக் கீழே விழுந்தது. அறுவடைக் கூலிக்கே கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. அன்று நம் டம்ளர் விலை மலிவாக இருந்ததற்கு அவர்கள்தான் பணம் கட்டினார்கள். இன்று நாலு காசு அவர்கள் கைக்குப் போகிறது என்றால் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

2 மார்ச் 2025

சிக்கரிக்கு வருகிறேன்.

கடையில் நிற்கும்போது பாக்கெட் பொடியின் பின்பக்கத்தைப் படியுங்கள். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். காபி 53, சிக்கரி 47 என்று போட்ட பாக்கெட்டுகள் நிறைய. அப்படி ஒன்று கிலோ 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிக்கரி எங்கள் பக்கம் கிலோ 200. அதில் உள்ள 470 கிராம் சிக்கரியின் விலை 94 ரூபாய். மீதி 606 ரூபாய் 530 கிராம் காபிக்கு. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 1,143! பீபெரியைவிட அதிகம். அந்த 530 கிராமும் பெரும்பாலும் ரொபஸ்டாவாக இருக்கும், அரைத்து எத்தனை மாதம் ஆனது என்றும் தெரியாது.

மலிவு என்று நினைத்து வாங்கும் பாக்கெட்தான் உண்மையில் விலை கூடியது. எனக்கு இந்த இழையில் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான். பணத்தைக் கொட்டைக்குக் கொடுங்கள், புதுசாக வறுத்து அரைப்பதற்குக் கொடுங்கள். சிக்கரிக்கும் பளபள பாக்கெட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

3 மார்ச் 2025

சிக்கரி விஷம் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு செடியின் வேர், குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. காஃபின் கிடையாது. பத்து, பதினைந்து சதவீதம் கலந்து குடித்துப் பழகியவர்களுக்கு அதுவே ருசி, அதை மாற்றச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. காபியின் இடத்தை அது பிடிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

16 மார்ச் 2025

சிக்கரி இல்லாமல் போட்டால் பாலில் நிறமே ஏறவில்லை, சப்பென்று இருக்கிறது என்று கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அவர் சொல்வது நியாயம். வெறும் பீபெரி மணமாக இருக்கும், ஆனால் தண்ணிப் பாலைக்கூட அடிக்கிற கனம் அதற்குப் போதாது.

அதற்கு வழி ரொபஸ்டா. பிளான்டேஷன் ஏ (அராபிகாவில் பெரிய கொட்டை) அல்லது பீபெரி 70, ரொபஸ்டா 30. கடையில் சொன்னால் எடை போட்டுக் கலந்து தருவார்கள். எங்கள் கடையில் ரொபஸ்டா கிலோ 800. கலவை 1,010 ரூபாய் ஆகிறது, டம்ளருக்கு ஒரு ரூபாய் மிச்சம். கசப்பும் கனமும் அதிலிருந்து வரும், மணம் அராபிகாவிலிருந்து வரும். ரொபஸ்டாவில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் சாயங்காலக் காபிக்குத் தூக்கம் கெடும் ஆட்கள் பார்த்துச் செய்யுங்கள்.

பீபெரிதான் உசத்தி என்ற எண்ணமும் கொஞ்சம் குறைய வேண்டும். பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. உருண்டையாக இருப்பதால் சட்டியில் நன்றாக உருண்டு சீராக வறுபடும். மற்றபடி அதே செடி, அதே தோட்டம். பிளான்டேஷன் ஏ கிலோவுக்கு ஐம்பது நூறு குறைவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். பால் ஊற்றிய பிறகு இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

6 ஏப்ரல் 2025

ஃபில்டர் பற்றிக் கேட்டவர்களுக்கு.

பொடி வீணாவது பெரும்பாலும் ஃபில்டரில்தான். இரண்டு பேருக்கு ஆறு பேர் ஃபில்டரை வைத்துக்கொண்டால் 20 கிராம் பொடி அடியில் மெல்லிய படலமாகப் பரவிக் கிடக்கும். தண்ணீர் ஊற்றிய வேகத்தில் கீழே இறங்கிவிடும், சாறு இறங்காது. மேல் பாத்திரத்தில் பொடி பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவாவது நிற்க வேண்டும். சின்ன ஃபில்டர் ஒன்று தனியாக வாங்குங்கள், எவர்சில்வர் போதும். ஒரு மாதப் பொடி மிச்சத்தில் அந்தக் காசு வந்துவிடும்.

பொடியைப் போட்டு மேலே லேசாகத் தட்டிச் சமன் செய்தால் போதும். தண்டு வைத்த தட்டை வைத்து இடித்து அழுத்தினால் சொட்டு நின்றுபோகும். தண்ணீர் தளதளவென்று கொதித்து இறக்கி, அரை நிமிஷம் விட்டு, முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். புதுப் பொடி என்றால் உப்பி எழும், மேலே சின்னச் சின்னக் குமிழி வெடிக்கும், மணம் அந்த நொடியில் அடுப்படி முழுக்க நிற்கும். வறுத்த கொட்டைக்குள் அடைபட்ட வாயு வெளியேறுவதுதான் அது. பழைய பொடி சேறு மாதிரி அசையாமல் கிடக்கும். கடைக்காரர் இன்றைக்குத்தான் வறுத்தது என்று சத்தியம் செய்தாலும் ஃபில்டர் உண்மையைச் சொல்லிவிடும்.

அரை நிமிஷம் கழித்து மீதித் தண்ணீரைச் சுற்றி ஊற்றுங்கள். 20 கிராம் பொடி 40 மில்லி தண்ணீரைத் தானே குடித்துவிடும். 100 மில்லி ஊற்றினால் கீழே 60 மில்லி கள்ளிச்சொட்டாக இறங்கும், இரண்டு டம்ளருக்குச் சரி. இருபது நிமிஷம் விடுங்கள். மூடியைத் திறந்து கரண்டியால் குத்தி அவசரப்படுத்தாதீர்கள், தூள் கீழே வந்துவிடும்.

அப்புறம் ஓட்டைகள். தினமும் கழுவினாலும் பொடித் தூளும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அடைக்கும். ஃபில்டரின் மேல் பாத்திரத்தை இடுக்கியில் பிடித்து, அடிப்பக்கத்தைக் கேஸ் தீயில் காட்டுங்கள். அடைப்பு கருகி உதிரும். ஆறியதும் தேய்த்துக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எல்லா ஓட்டையும் தெரிய வேண்டும். பித்தளை ஃபில்டருக்கு இது வேண்டாம், ஈயப்பூச்சு உருகிவிடும்.

8 ஏப்ரல் 2025

இரண்டாம் டிகாஷன்: சிக்கனத்துக்கு இதைத்தான் செய்கிறோம் என்று நிறையப் பேர். முதல் டிகாஷன் ஒழுங்காக இறங்கியிருந்தால் இரண்டாவதில் இருப்பது கசப்பும் துவர்ப்பும்தான். அதைத் தனியாகக் குடிக்காதீர்கள். முதல் டிகாஷனில் கால் பங்கு கலக்கலாம், நாக்கில் தெரியாது. அதற்கு மேல் கலந்தால் நல்ல டிகாஷனும் கெடும்.

9 ஏப்ரல் 2025

சர்க்கரையை ஒரு சிட்டிகை ஃபில்டர் அடியில் தூவி அதன் மேல் பொடி போடுவது எங்கள் வீட்டு வழக்கம் என்கிறார் ஒரு மதுரைக்காரர். எங்கள் சித்தியும் செய்வார். ஓட்டைகளைத் தூள் உடனே அடைக்காமல் கொஞ்ச நேரம் தடுக்கும் என்பார். ஃபில்டர் அடிக்கடி நின்றுபோகிறவர்கள் செய்து பாருங்கள், செலவு ஒன்றும் இல்லை. பொடி மைதா மாதிரி அரைந்திருந்தால் இது உதவாது, கடையில் ஒரு திருப்பு கரகரப்பாக அரைக்கச் சொல்ல வேண்டும்.

18 மே 2025

போன மாதம் எழுதியதில் தண்ணீரை விட்டுவிட்டேன். சென்னையில் வீடு மாறிய ஒருவர், அதே கடைப் பொடி, அதே ஃபில்டர், ஆனால் காபி மந்தமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். புது வீட்டில் போர் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அது காபியின் இயல்பான புளிப்பைக் கொன்றுவிடும். புளிப்பு போனால் மணமும் மங்கியதாகத் தோன்றும். ஆர்ஓ தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொன்னேன், சரியாகிவிட்டது என்றார். முழுக்க ஆர்ஓ என்றால் சில இடங்களில் டிகாஷன் வெறுமையாக இருக்கும். ஆர்ஓ முக்கால், குழாய்த் தண்ணீர் கால் என்று கலந்து பாருங்கள்.

பாலும் அப்படித்தான். ஒரு தடவை பொங்கியதும் அந்தப் பாலில் உடனே கலந்தால் வரும் காபி வேறு. காலையில் காய்ச்சிய பாலை மூன்று மணிக்கு மறுபடி காய்ச்சினால் ஏடும் கருகல் வாசனையும் காபியை அமுக்கிவிடும். டிகாஷனை மட்டும் அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். ஆறிவிட்டால் கிண்ணத்தோடு வெந்நீரில் இறக்கி வைத்தால் போதும்.

13 ஜூலை 2025

உலகச் சந்தையில் அராபிகா 3 டாலருக்குக் கீழே வந்துவிட்டதே, கடையில் ஏன் இறங்கவில்லை? ஐந்தாறு பேர் கோபமாகக் கேட்டிருக்கிறார்கள்.

நம் ஊர் அராபிகா நவம்பரிலிருந்து ஜனவரி வரை பறிக்கப்படுகிறது, அதற்குப் பிறகு ரொபஸ்டா. கடைக்காரரும் வறுப்பவரும் பச்சைக்கொட்டையை அறுவடைக் காலத்தில் மூட்டை மூட்டையாக வாங்கி வைக்கிறார்கள். இந்த வருஷச் சரக்கை வாங்கியது விலை உச்சியில் இருந்த மாதங்களில். அதை இப்போது நஷ்டத்துக்கு விற்க மாட்டார்கள். ஏறும்போது உடனே ஏறியதே என்பீர்கள். உண்மை, அது எனக்கும் உறுத்துகிறது. பிப்ரவரியில் நான் கடைக்காரர் பக்கம் முழுசாகப் பேசியது போல எழுதிவிட்டேன். பழைய சரக்கைப் புது விலைக்கு விற்றவர்களும் இருக்கிறார்கள், எங்கள் கடைத்தெருவிலேயே ஒரு கடை அப்படிச் செய்தது. அங்கே போவதை நிறுத்திவிட்டேன். விலை இறங்கும்போது பத்து ரூபாயாவது இறக்குகிற கடையைப் பார்த்து வையுங்கள், அவரிடம் கொட்டையும் நன்றாகவே இருக்கும்.

24 ஆகஸ்ட் 2025

பிரேசில் காபிக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதும் விலை திரும்ப ஏறுகிறது. இந்த வருஷம் கடையில் இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

31 ஆகஸ்ட் 2025

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஒரே தோட்டத்துக் கொட்டை, லேசான வறுப்பு, 250 கிராம் 600 ரூபாய்க்கு வாங்கி நம் ஃபில்டரில் போட்டேன், பாலில் புளிக்கிறது, ஏமாற்றுகிறார்களா என்று கேட்கிறார்.

ஏமாற்றவில்லை தம்பி. அந்த வறுப்பு பால் இல்லாமல் குடிக்க. தாள் வடிகட்டியில் 15 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர் ஊற்றிக் கறுப்பாகக் குடித்துப் பாருங்கள். எனக்கும் அது பிடிக்கும், ஏற்காட்டுக் கொட்டையில் அப்படிப் போட்டபோது ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசனை வந்தது, பாலில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. செலவு கோப்பைக்கு 36 ரூபாய். பால், சர்க்கரை இல்லை. தினமும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். பாலில் கலக்க நடுத்தரத்துக்கு மேல் வறுத்ததுதான் சரி.

காபி மெஷினுக்கு இருபதாயிரம் போடலாமா என்றும் கேட்டிருந்தார். அந்தக் காசுக்கு இருபது கிலோ நல்ல கொட்டை வரும். பழைய பொடியைப் போட்டால் எந்த மெஷினும் பழைய காபியைத்தான் தரும்.

28 செப்டம்பர் 2025

இன்ஸ்டன்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 ஆகிவிட்டது, 22-ஆம் தேதியிலிருந்து. முதல் கேள்வி கேட்டவரின் மகள் சொன்னதை மறுபடி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். ஒரு கிலோ இன்ஸ்டன்டுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் பச்சைக்கொட்டை போகிறது. கொட்டை விலை ஏறினால் அதுவும் ஏறும், சிக்கரி கலந்த இன்ஸ்டன்டுக்கும் இதே கதை. வரி குறைந்ததில் கொஞ்சம் இறங்கும், நல்லதுதான். ரயில் பயணத்துக்கும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் நாட்களுக்கும் அதைவிட வசதி வேறில்லை. வீட்டில் இருபது நிமிஷம் இருக்கும்போது எனக்கு மனசு வராது.

16 நவம்பர் 2025

கொடைக்கானல் மலைப்பக்கத்துத் தாண்டிக்குடியில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு நண்பரோடு பேசினேன். அராபிகாவில் தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்து செடிகளைப் பிடுங்கி எரிக்க வேண்டியிருக்கிறது. புதுக்கன்று வைத்தால் காய்க்க மூன்று, நான்கு வருஷம். இடையில் மிளகுதான் காப்பாற்றுகிறது. விலை நன்றாக இருக்கும் இந்த நேரத்தில்தான் கன்று வைக்கக் கையில் காசு இருக்கிறது என்றார். பறிப்பு தொடங்கிவிட்டது, ஆள் கிடைப்பதுதான் பாடு.

ஒருவர் மொத்தமாக மூன்று கிலோ பொடி வாங்கிப் ஃபிரிட்ஜில் வைத்திருப்பதாக எழுதியிருந்தார், விலை ஏறும் முன் என்று. தயவுசெய்து செய்யாதீர்கள். அரைத்த பொடி சீக்கிரமே மணத்தை இழக்கும். ஃபிரிட்ஜில் வைத்த டப்பாவைத் தினம் திறந்தால் உள்ளே ஈரம் வேர்க்கும், சாம்பார் வாசனையும் ஏறும். சேர்த்து வைப்பதானால் வறுத்த கொட்டையாக வாங்கி, காற்றுப் புகாமல் வெளியிலேயே வைத்து, வாரம் 200 கிராம் கையால் சுற்றும் அரவையில் அரைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் அரைப்பதானால் விட்டு விட்டுப் பத்து நொடி, ஜார் சூடாகக் கூடாது.

கடையில் அரைப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். உங்களுக்கு முன்னால் நின்றவர் சிக்கரி கலந்து அரைத்திருந்தால் மெஷினில் மிச்சம் தங்கியிருக்கும். உங்கள் கொட்டையில் ஒரு கைப்பிடியை முதலில் போட்டு ஓட்டி அதைத் தள்ளிவிடச் சொல்லுங்கள். சரி என்று செய்கிற கடைக்காரர்தான் நல்ல கடைக்காரர். அரைத்த பொடியைச் சூடாகவே பையில் கட்டாமல், கொஞ்சம் ஆற விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.